ஹோண்டா டிரெயில் 50: மலையேறக் கற்ற சிறு மோட்டார் சைக்கிள்

ஹோண்டா டிரெயில் 50 என்பது ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1961 ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தைக்காக வெளியிட்ட 49 கன செண்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட சிறு மோட்டார் சைக்கிள் ஆகும். நகரத் தெருக்களுக்காகப் பிறந்த சூப்பர் கப் வண்டியே மலைப்பாதைக்கு ஏற்றவாறு மாற்றப்பட்டு இப்பெயரைப் பெற்றது. இந்த மாற்றத்தை முதலில் செய்தவர் தொழிற்சாலைப் பொறியாளர் அல்லர். அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் கடை வைத்திருந்த ஒரு விற்பனையாளர். எஞ்சினின் ஆற்றலைச் சிறிதும் கூட்டாமல், பின்சக்கரத்தின் பற்சக்கரத்தைப் பெரிதாக்கியே அவர் வண்டியை மலையேற வைத்தார். சிறிய வண்டிகளின் ஏறுதிறனை மேம்படுத்திய வரலாற்றில் இது ஒரு முக்கியமான நிகழ்வாகும்.

பின்னணி

சூப்பர் கப் சி100 வண்டி 1958 ஆகஸ்ட் மாதம் ஜப்பானில் அறிமுகமானது. சோய்சிரோ ஹோண்டாவும் அவருடைய கூட்டாளி டக்கேயோ ஃபுஜிசாவாவும் இதன் கருத்தாக்கத்துக்குக் காரணமானவர்கள். நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது ஃபுஜிசாவாவின் எண்ணம். அதற்காகவே கைப்பிடிக் கிளட்ச் நீக்கப்பட்டு, எஞ்சின் சுழலும் வேகத்துக்கு ஏற்பத் தானாகப் பற்றும் மையவிலக்குக் கிளட்ச் பொருத்தப்பட்டது. மூன்று கியர்கள் கொண்ட இவ்வண்டியின் எடை சுமார் 55 கிலோ. இதன் நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 9,500 சுழற்சியில் 4.5 குதிரைத்திறன் தந்தது.

1959 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அமெரிக்கன் ஹோண்டா நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அந்நிறுவனம் பெரிய வண்டிகளையே நம்பியிருந்தது. ஆனால் அமெரிக்கச் சாலைகளின் நீண்ட தொலைவையும் தொடர்ந்த வேகத்தையும் அவை தாங்கவில்லை. 1960 ஆம் ஆண்டில் எண்ணெய்க் கசிவும் கிளட்ச் பழுதும் தலைதூக்கின. நிறுவனத்தின் எதிர்காலமே கேள்விக்குறியான நிலையில், ஓரமாக நின்ற 50 சிசி சிறு வண்டியின் மீது கவனம் திரும்பியது.

அதே காலத்தில் அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதிகளில் வேறொரு தேவை உருவாகியிருந்தது. மான் வேட்டைக்குச் செல்பவர்களுக்கும் மலை ஓடைகளில் மீன் பிடிப்பவர்களுக்கும், குதிரை செல்லும் ஒற்றையடிப் பாதையில் ஏறக்கூடிய சிறிய வாகனம் தேவைப்பட்டது. யூட்டா மாநிலத்தின் பிரோவோ நகரில் ரால்ப் பானம் உருவாக்கிய டோட் கோட் என்ற வண்டி இத்தேவைக்கென்றே 1950களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. குழாய்களை வளைத்துச் செய்த எளிய சட்டகம், தடித்த சக்கரங்கள், சிறிய எஞ்சின் ஆகியவையே அதன் உறுப்புகள். வேகம் மிகக் குறைவு. ஆனால் மலை ஏறியது.

பாய்சி நகர விற்பனையாளர்

ஐடகோ மாநிலத்தின் தலைநகர் பாய்சி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஊரைத் தாண்டியதும் மலைகள் தொடங்கிவிடும். மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான போரா 3,859 மீட்டர் உயரமுடையது. பாய்சியில் ஹோண்டா வண்டிகளை விற்றவர் ஹெர்ப் உல்.

அமெரிக்கன் ஹோண்டாவின் விற்பனை அலுவலர் ஜாக் மெக்கார்மாக், விற்பனைக் கணக்குகளைப் பார்த்தபோது ஒரு புதிரைக் கண்டார். லாஸ் ஏஞ்சலஸ் நகர விற்பனையாளர்கள் அனைவரும் சேர்ந்து விற்ற 50 சிசி வண்டிகளைவிடப் பாய்சியின் ஒரே கடையில் அதிகம் விற்றிருந்தன. 1960 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி லாஸ் ஏஞ்சலஸின் மக்கள்தொகை சுமார் 25 லட்சம். பாய்சியின் மக்கள்தொகையோ சுமார் 34 ஆயிரம் மட்டுமே.

காரணம் எளிது. உல் சாலை வண்டியை அப்படியே விற்கவில்லை. பட்டறைகளில் ஸ்ப்ராக்கெட் எனப்படும் பின் பற்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதைப் பொருத்தினார். மண்ணைக் கவ்வும் முண்டு டயர்களை மாட்டினார். இவ்வாறு மாற்றிய வண்டியை மலைப்பாதை வண்டி என்று வேட்டைக்காரர்களிடமும் மீன்பிடிப்பவர்களிடமும் விற்றார். அதில் செல்பவர் சாலையில் விரைந்து போக முடியாது. ஆனால் அவர் போக விரும்பிய இடத்தில் சாலையே கிடையாது.

ஏறுதிறனின் இயற்பியல்

உல் செய்த மாற்றம் ஏன் பயன் தந்தது என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். வண்டியின் எடை 55 கிலோ, ஓட்டுபவரின் எடை 75 கிலோ, மொத்தம் 130 கிலோ எனக் கொள்வோம். பாதையில் நான்கு மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் செங்குத்தான ஏற்றம் என்க. புவியீர்ப்பை எதிர்த்து வண்டியை மேலே தள்ள ஏறத்தாழ 320 நியூட்டன் விசை தேவை.

இந்த விசையுடன் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சுமார் 4.3 குதிரைத்திறன் வேண்டும். அது ஏறத்தாழ எஞ்சினின் முழு ஆற்றல். சங்கிலி, கியர், டயர் ஆகியவற்றில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் அந்த வேகத்தில் ஏற இயலாது. வேகத்தை மணிக்கு 12 கிலோமீட்டராகக் குறைத்தால் தேவைப்படுவது சுமார் ஒன்றரைக் குதிரைத்திறன் மட்டுமே. பின்னால் 50 கிலோ சுமையைக் கட்டிக்கொண்டாலும் இரண்டு குதிரைத்திறன் போதும். ஆகவே, ஏற்றத்துக்குத் தேவையான ஆற்றல் அந்தச் சிறிய எஞ்சினில் முன்பே இருந்தது. குறைந்த வேகத்தில் அதைப் பயன்படுத்தும் வழிதான் இல்லை.

வேகம் குறையும்போது எஞ்சினின் சுழற்சியும் குறைகிறது. சிறிய எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் ஆற்றல் தருவதில்லை, திணறி நின்றுவிடும். பற்சக்கரம் இச்சிக்கலைத் தீர்க்கிறது. எடுத்துக்காட்டாக, முன் பற்சக்கரத்தில் 14 பற்களும் பின் பற்சக்கரத்தில் 42 பற்களும் இருந்தால், முன்சக்கரம் மூன்று முறை சுற்றப் பின்சக்கரம் ஒருமுறை சுற்றும். பின்னதை 70 பற்களாக்கினால் விகிதம் ஐந்துக்கு ஒன்றாகும். தரையைத் தள்ளும் விசை மூன்றில் இரு பங்கு கூடும். வேகம் ஐந்தில் இரு பங்கு குறையும். பல கப்பிகளும் கயிறும் கொண்டு பெரும் பாரத்தை மெல்ல மெல்ல மேலே இழுப்பதும் இதே கொள்கைதான்.

இதில் மேலும் ஒரு நன்மை உண்டு. மையவிலக்குக் கிளட்ச், எஞ்சின் போதிய வேகத்தில் சுழன்றால்தான் முழுமையாகப் பற்றும். ஏற்றத்தில் சுழற்சி குறைந்தால் கிளட்ச் நழுவிச் சூடேறித் தேயும். பெரிய பற்சக்கரம் எஞ்சினை விரைவாகச் சுழலவிடுவதால் கிளட்ச் காக்கப்படுகிறது.

எஞ்சினை முடுக்கிவிடுவதால் இப்பயன் எளிதில் கிடைப்பதில்லை. பெரிய கார்புரேட்டர் போன்ற பந்தய மாற்றங்கள் பெரும்பாலும் உயர்ந்த சுழற்சியில்தான் கூடுதல் ஆற்றல் தருகின்றன. தாழ்ந்த சுழற்சியில் சில வேளை இழப்பே நேரும். மேலும் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் எஞ்சினின் ஆற்றலும் ஏறக்குறைய அந்த அளவு குறைகிறது. காற்று குறைந்தாலும் பற்சக்கரத்தின் விகிதம் குறைவதில்லை.

பற்சக்கரத்தைப் பெரிதாக்குவதற்கும் எல்லை உண்டு. தரையின் பிடிப்பை மீறிய விசை சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவைக்கும். உல் பற்சக்கரத்தோடு டயரையும் மாற்றியதன் காரணம் இதுவே.

தொழிற்சாலைத் தயாரிப்பாக மாறுதல்

மெக்கார்மாக் உல்லின் வண்டி ஒன்றைப் பெற்று ஓட்டிப் பார்த்தார். பின்னர் அது ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, அதைப் போன்ற வண்டியைத் தயாரிக்குமாறு கேட்கப்பட்டது. அதன் விளைவாக 1961 இல் சிஏ100டி என்ற குறியீட்டுடன் டிரெயில் 50 விற்பனைக்கு வந்தது. சூப்பர் கப்பின் அடையாளமான பிளாஸ்டிக் கால்மறைப்பு இதில் இல்லை. ஒருவர் அமரும் இருக்கையும் சுமை ஏற்றும் தாங்கியும் இருந்தன.

அடுத்துவந்த டிரெயில் 55 வண்டியில் சிலிண்டரின் விட்டம் 40 மில்லிமீட்டரிலிருந்து 42 மில்லிமீட்டராக உயர்ந்தது. 1964 இல் 87 சிசி எஞ்சினும் நான்கு கியர்களும் கொண்ட சிடி200 டிரெயில் 90 வந்தது. 1966 இல் 89.5 சிசி எஞ்சினுடன் சிடி90 அறிமுகமானது.

தொடக்ககால டிரெயில் வண்டிகளின் பின்சக்கரத்தில் சிறிதும் பெரிதுமாக இரு பற்சக்கரங்கள் அடுத்தடுத்து இருந்தன. சாலையில் சிறியது, மலையில் பெரியது. மாற்றுவதற்கு ஓட்டுபவர் மலையடிவாரத்தில் இறங்கிச் சங்கிலியைக் கழற்றி, உடன் கொண்டுவந்த துண்டுச் சங்கிலியை இணைத்து நீட்டி, பெரிய பற்சக்கரத்தில் மாட்ட வேண்டும். திரும்பும்போது மறுபடியும் இதே வேலை. கையெல்லாம் கிரீஸ் ஆகும்.

1960களின் இறுதியில் சிடி90 வண்டியில் இதற்குத் தீர்வு காணப்பட்டது. எஞ்சின் பெட்டியிலேயே ஒரு துணைக் கியர் அமைப்பு சேர்க்கப்பட்டது. வண்டியை நிறுத்தி அடியிலுள்ள சிறு நெம்புகோலைத் தள்ளினால், நான்கு கியர்களும் ஏறத்தாழ 1.87 மடங்கு தாழும். மலைக்கு நான்கு, சாலைக்கு நான்கு என எட்டு விகிதங்கள் கிடைத்தன.

எதிர்ப்பும் கட்டுப்பாடும்

எளிதில் மலையேறும் வண்டி எல்லார் கைக்கும் எட்டியபோது, அதுவரை நடந்தும் குதிரையிலும் மட்டுமே சென்ற இடங்களுக்கு எஞ்சின் ஓசை போய்ச் சேர்ந்தது. செங்குத்தான மண்பாதையில் முண்டு டயர் கிளறிய தடம் மழைக்காலத்தில் நீரோடும் பள்ளமானது. நடைப்பயணிகளும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். புகைக்குழாயிலிருந்து பறக்கும் தீப்பொறி காட்டுத்தீ மூட்டும் என்ற அச்சமும் இருந்ததால், தீப்பொறித் தடுப்பான் பொருத்துவது கட்டாயமாயிற்று.

1964 ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், அச்சட்டத்தால் காக்கப்பட்ட நிலங்களில் மோட்டார் வாகனங்களைத் தடைசெய்தது. 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் வெளியிட்ட 11644 ஆம் எண் நிர்வாக ஆணை, பொது நிலங்களில் இத்தகைய வாகனங்கள் எங்கே செல்லலாம், எங்கே செல்லக்கூடாது என வரையறுக்குமாறு அரசுத் துறைகளைப் பணித்தது. மலையேறும் திறனைத் தந்த பற்சக்கரமே, எந்த மலையில் ஏறலாம் என்ற கேள்வியையும் எழுப்பியது எனலாம்.

பிற்காலம்

1980 இல் 105 சிசி சிடி110 வந்தது. அமெரிக்காவில் அது 1986 வரை விற்பனையானது. ஆஸ்திரேலியாவில் இவ்வண்டி அஞ்சல்காரர்களின் வாகனமாகப் பல ஆண்டுகள் உழைத்தது. நகர வீதிகளில் கடிதம் கொடுப்பவருக்கு மலைக் கியர் தேவையில்லை என்பதால், அஞ்சல் வண்டிகளில் துணைக் கியர் அமைப்பு இடம்பெறவில்லை. ஆஸ்திரேலியப் பண்ணைகளுக்கான வடிவில் அது இருந்தது.

சூப்பர் கப் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 2017 இல் 10 கோடியைத் தொட்டது. 2020 இல் ஹோண்டா நிறுவனம் சிடி125 என்ற பெயரில் மலைப்பாதை வண்டியை மீண்டும் கொண்டுவந்தது. எரிபொருள் உட்செலுத்தல், மின் தொடக்கி, வட்டுத் தடை போன்ற புதுமைகள் அதில் உண்டு. பழைய துணைக் கியர் இல்லை. ஏற்றத்தில் இழுவிசை வேண்டும் என்பதற்காகப் பொறியாளர்கள் செய்த மாற்றங்களுள் ஒன்று, சூப்பர் கப் சி125 வண்டியைவிட மூன்று பற்கள் கூடுதலான பின் பற்சக்கரத்தைப் பொருத்தியது. பாய்சி நகரக் கடையில் ஹெர்ப் உல் செய்ததும் அதே வேலைதான்.