பழுதிற் பிறந்த நாதம்

இசைக்கருவி செய்வோரும் ஒலிப்பதிவுப் பொறியியலாளரும் நெடுங்காலமாக நாடி வந்தது தெளிந்த நாதத்தையே. மின்சாரக் கிற்றார் தோன்றிய பின்னரும், கரகரப்பு நுழையாது காப்பதே அவர்தம் கடமையாயிருந்தது. அவ்வாறிருக்க, அக்கரகரப்பையே விலைக்குத் தரும் சிறு பெட்டியொன்று 1962 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

பழுது பாட்டுக்கு உதவிய செய்திகள் அதற்கு முன்னரும் உண்டு. 1951 இல் 'றொக்கெட் 88' என்னும் பாடலைப் பதிவு செய்ய மெம்பிஸ் நகருக்குச் சென்ற ஐக் ரேணர் குழுவினரின் ஒலிபெருக்கி வழியிலேயே சேதமுற்றது. அதனுள் காகிதத்தை அடைத்துக்கொண்டு வாசித்தனர். 1958 இல் வெளிவந்த 'றம்பிள்' என்னும் இசைக்காக லிங்க் றே தம் ஒலிபெருக்கியைப் பென்சிலாற் குத்தித் துளைத்தார் என்பர். ஆயின், துளைத்த ஒலிபெருக்கி துளைத்ததுதான். அடுத்த பாட்டுக்கு அதனைச் செப்பமாக்க எவராலும் இயலாது. வேண்டும்போது வந்து, வேண்டாதபோது மறையும் கரகரப்பு ஒன்று தேவையாயிருந்தது.

அதற்கு வழி பிறந்தது நாஷ்வில் நகரத்திலே. 1960 இல் மாட்டி றொபின்ஸ் பாடிய 'டோன்ட் வொறி' என்னும் பாடலின் ஒலிப்பதிவின்போது, கிறேடி மாட்டின் வாசித்த ஆறு நரம்புப் பேஸ் கிற்றாரின் ஒலி வண்டின் முரல்வுபோல் உடைந்து கேட்டது. ஒலிக்கலவை மேசையிலிருந்த மின்மாற்றியொன்று பழுதுற்றதே காரணம். ஆயினும் அப்பகுதியை நீக்காமல் வெளியிட்டனர். 1961 இல் அப்பாடல் நாட்டுப்புற இசை வரிசையில் முதலிடம் பெற்றது. பிற இசைஞரும் அவ்வொலியை விரும்பிக் கேட்கத் தொடங்கினர். பழுதான கருவியோ பின்னர் முற்றாகவே செயலிழந்துவிட்டது. ஆகவே, அன்று ஒலிப்பதிவு செய்த கிளென் ஸ்னொடி, றெவிஸ் ஹொப்ஸ் என்பவருடன் சேர்ந்து, அப்பழுதைத் திரான்சிஸ்டர்களைக் கொண்டு புதிதாகப் படைத்தார்.

அதன் தத்துவம் எளியது. நரம்பிலிருந்து வரும் மின்னலையை அளவுக்கு மீறிப் பெருக்கினால், அலையின் வளைந்த உச்சிகள் தறிக்கப்பட்டுத் தட்டையாகின்றன. அதனால் மூல சுரத்தோடு பல மேற்சுரங்கள் கூடி ஒலிக்கின்றன. தம்புராவின் நரம்பின் கீழ் நூலிழை செருகி 'ஜீவா' பிடிக்கும் நம்மவர்க்கு, இரைச்சலுங் கலந்த நாதத்தின் சுவை புதியதன்று; வழிதான் வேறு.

கிப்சன் நிறுவனம் இதனை 'மயெஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்னும் பெயரால் விற்பனைக்கு விட்டது. மூன்று ஜேர்மேனியம் திரான்சிஸ்டர்களும் இரு சிறு மின்கலங்களும் கொண்ட அப்பெட்டியைக் காலால் மிதித்தே இயக்க வேண்டும். கிற்றாரை ட்ரம்பெட்டாகவும் டியூபாவாகவும் செல்லோவாகவும் ஒலிக்கச் செய்யலாமென விளம்பரஞ் செய்தனர். தம் கையிலிருந்தது ஒரு புதிய ஒலி என்பதை விற்றவர்களே உணரவில்லை போலும்! முதலாண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வணிகரிடஞ் சென்றன. அவை அங்கேயே தேங்கின.

1965 மே மாதம், ஹொலிவூட்டில் 'சாற்றிஸ்ஃபாக்ஷன்' என்னும் பாடலைப் பதிவு செய்த றோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் றிச்சேட்ஸும் அப்பெட்டியை மிதித்தது விளம்பரம் சொன்ன காரியத்துக்கே. அவ்விடத்திற் பின்னர் ஊதுகருவிகள் வாசிக்க வேண்டுமென்பதும், தாம் வாசித்தது அதற்குரிய மாதிரி மட்டுமே என்பதும் அவர் எண்ணம். மாதிரியே பாட்டாக வெளிவந்து, அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. தேங்கிக் கிடந்த பெட்டிகள் அவ்வாண்டு முடியுமுன் விற்றுத் தீர்ந்தன. றிச்சேட்ஸ் விரும்பியவாறே ஊதுகருவிகளுடன் அப்பாடலை ஓட்டிஸ் றெடிங் அதே ஆண்டிற் பாடினார் என்பதையும் ஈண்டுக் கூறலாம்.

இலண்டனில் கரி ஹேர்ஸ்ட் 1965 இல் 'டோன் பெண்டர்' பெட்டியை அமைத்தார். மறுவருடம் வந்த வட்ட வடிவான 'ஃபஸ் ஃபேஸ்' ஜிமி ஹென்ட்றிக்ஸின் காலடியிற் புகழ் பெற்றது. ஆனால் ஜேர்மேனியம் வெப்பத்துக்கு அடங்காதது. மாலையில் இனிமையாயிருந்த பெட்டி, மேடை விளக்குகளின் சூட்டில் வேறு குரல் காட்டும். பின்வந்த சிலிக்கன் திரான்சிஸ்டர் அவ்வாறு எளிதில் மாறுவதில்லை. அப்படியிருந்தும், அந்த நிலையற்ற பழைய ஜேர்மேனியத்தையே தேடிப் பெருவிலை கொடுத்து வாங்குவோர் இன்றும் உளர்.