மல்லையின் பின்வாசல்

சென்னைப் பட்டணத்தில் மோட்டார் வண்டிகள் பெருகாதிருந்த காலத்தில், விடுமுறையிலே குடும்பத்தோடு மாமல்லபுரம் சென்றுவர விரும்பியவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. செங்கற்பட்டு வரையில் ரயிலில் சென்று, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாட்டு வண்டியிலோ பிற்காலத்திலே பஸ்ஸிலோ எலும்பு நோகக் குலுங்கிப் போய்ச் சேர்வது ஒன்று. மாலைப் பொழுதில் பக்கிங்ஹாம் கால்வாயிலே படகேறி, கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்து உண்டு, ஜமக்காளத்தை விரித்துப் படுத்து, பொழுது விடியும் சமயத்தில் பல்லவர் துறைமுகத்தின் பக்கத்திலே கண் விழிப்பது மற்றொன்று. இவற்றுள் பின்னதையே பெரியவர்களும் குழந்தைகளும் விரும்பினார்கள் என்பதில் வியப்பில்லை. ஆயினும் இந்த உல்லாசப் பிரயாணத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கடலை நோக்கி நின்று, கடல் வழியாக வந்தோரை வரவேற்று வாழ்ந்த ஒரு துறைமுகப் பட்டினத்துக்குள், அதன் முதுகுப்புறமாக, ஓர் உப்புநீர் வாய்க்கால் வழியே நம்மவர்கள் நுழைந்தார்கள். அந்தப் பின்வாசல் எவ்வாறு உண்டாயிற்று, யாரால் உண்டாயிற்று என்பது சரித்திரத்தில் அவ்வளவாகப் பேசப்படாத விஷயம்.

முதலில் முன்வாசலைப் பார்ப்போம். கடல்மல்லை என்று ஆழ்வார்களால் பாடப்பெற்ற இவ்வூர், கற்கோயில்கள் தோன்றுவதற்கு முன்னரே துறைமுகமாக இருந்திருக்கக்கூடும். பெரும்பாணாற்றுப்படை வருணிக்கும் நீர்ப்பெயற்று என்னும் துறை இதுவே என்று கருதும் அறிஞர்களும் உளர், பாலாற்றின் முகத்துவாரத்தை அடுத்த வேறோர் ஊரே அது என்று மறுப்போரும் உளர். ஏழாம் நூற்றாண்டில், முதலாம் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்திருந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்கு அரசை மீட்டுத் தருவதற்காகப் பல்லவர் படை கடல் கடந்து சென்றதை மகாவம்சம் விவரமாகச் சொல்லுகிறது. அந்தப் படை கப்பலேறியது மல்லைத் துறையிலேதான் என்பது சரித்திர ஆசிரியர் பலருடைய துணிபு. திருமங்கையாழ்வார் காலத்திலும் பொன்னும் மணியும் யானையும் ஏற்றிய கலங்கள் இங்கே நெருங்கி நின்றமை அவருடைய பாசுரங்களால் விளங்கும். இத்தனைக்கும் சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்கது அரிது. கப்பல்கள் சற்றுத் தொலைவிலே நங்கூரம் பாய்ச்சி நிற்க, அலை உடையும் இடத்தைத் தாண்டிச் சிறு படகுகளே சரக்கைக் கரை சேர்த்தன. இத்தகைய கரையில் ஒரு துறையின் வாழ்வு அரசன் ஆதரவையும் வணிகர் கூட்டத்தையும் பொறுத்ததேயன்றிக் கடலின் ஆழத்தைப் பொறுத்ததன்று. ஆதரவு நீங்கியபோது துறையும் நீங்கியது.

மல்லைக்கு வடக்கேயுள்ள கோவளமும் தெற்கேயுள்ள சதுரங்கப்பட்டினமும் இதே கதையைப் பிற்காலத்தில் வேறு வேஷத்தோடு ஆடிக் காட்டின. கோவளத்தில் ஆஸ்டெண்டுக் கம்பெனியார் கொஞ்ச காலம் வியாபாரம் நடத்தினார்கள். அங்கிருந்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ராபர்ட் கிளைவ் 1752-இல் பிடித்தான். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டி, சுற்றுப்புறத்து நெசவாளர் நெய்த மெல்லிய துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1782-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ஆம் தேதி, அவ்வூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதிக்கொண்டார்கள். இவ்வளவு ஆரவாரமும் ஒரு தலைமுறைக்குள் அடங்கிவிட்டது. சென்னைப் பட்டணம் ஒன்றே வளர, மற்றத் துறைகள் வலை உலர்த்தும் மணல்மேடுகளாயின.

இனி வாய்க்காலின் கதை. பஸில் காக்ரேன் என்னும் ஸ்காத்லாந்துப் பிரபு குடும்பத்து வியாபாரி, சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் பதினொரு மைல் தூரத்துக்குக் கால்வாய் வெட்டி 1806-இல் முடித்தான். பட்டணத்துக்கு விறகும் உப்பும் கொண்டுவந்து சுங்கம் வாங்குவதே அவன் நோக்கம். உல்லாசம் அதன் பின்னே வந்தது. எண்ணூர் உப்பங்கழியின் கரையிலே வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் பங்களாக்களும் கிளப்பும் அமைத்துக்கொண்டு, மீன் பிடித்தும் படகு விட்டும் பொழுது போக்கினார்கள். கால்வாயினால் வந்ததோடு கப்பற்படைக்குச் சாமான்கள் ஒப்பந்தம் செய்து சேர்த்த பெரும் பணத்தையும் எடுத்துக்கொண்டு காக்ரேன் சீமைக்குத் திரும்பி, லண்டன் போர்ட்மன் சதுக்கத்தில் நீராவிக் குளியலறை ஒன்று நடத்தினான் என்பதும், பாட்னாவிலே பிறந்த தீன் முகம்மது அங்கே உடம்பு பிடித்துவிடும் வேலையில் இருந்தார் என்பதும் நம் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வடசென்னையில் காக்ரேன் பேசின் ரோடு என்ற பெயரில் அவன் இன்றும் இருக்கிறான். பேசின் பிரிட்ஜ் என்று நாம் ரயில்வண்டியில் கடக்கும் இடமும் அவன் படகுகள் தங்கிய நீர்த்தேக்கத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது.

1837-இல் சர்க்கார் இக்கால்வாயைத் தம் வசம் எடுத்துக்கொண்டு, வடக்கே பழவேற்காட்டு ஏரியையும் கடந்து ஆந்திர தேசத்துக்கும், தெற்கே அடையாற்றுக்கு அப்பாலும் சிறுகச் சிறுக நீட்டினார்கள். ஆனால் பட்டணத்துக்குள்ளே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் ஐந்து மைல் அளவு இணைப்பில்லாமலே இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரையில் ராஜதானியை வாட்டிய அந்தக் கொடிய க்ஷாமத்தில், கஞ்சிக்கு வழியின்றிக் கிராமங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்து விழுந்த ஜனங்களைக் கொண்டு, நிவாரண வேலையாக 1877-78-இல் இந்தப் பகுதி வெட்டப்பட்டது. வைசிராயின் பிரதிநிதியாக வந்த ஸர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கணக்கிட்டதையும், மண் வெட்டுகிறவன் உடம்புக்கு இது போதவே போதாது என்று சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடியதையும், சில மாதங்களில் அளவு கூட்டப்பட்டதையும் அந்தக் காலத்து நடவடிக்கைகளில் காணலாம். கால்வாய்க்கோ, 1875 முதல் 1880 வரை கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் கோமகனுடைய பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் சூட்டும் வழக்கம் எந்த ராஜாங்கத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை.

பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரையில் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமாகிய இந்த ஜலமார்க்கத்தில் விறகு, உப்பு, நெல், புகையிலை, சுண்ணாம்புக்கு வேண்டிய கிளிஞ்சல் ஆகியவை ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் நடுவிலேதான் மல்லை பார்க்கப் போகும் குடும்பப் படகும் போயிற்று. அடிப்பாகம் தட்டையான நீண்ட படகின்மேல் பாய்க்கூரை வேய்ந்து, உள்ளே பலகை பரப்பியிருப்பார்கள். புளியோதரையும் தயிர் சாதமும் தூக்குகளில் ஏறும். கூஜாக்களில் குடிதண்ணீர் ஏறும், ஏனெனில் சுற்றிலும் தண்ணீராயிருந்தும் ஒரு வாய் குடிப்பதற்கு உதவாது. கோடையில் தென்றற் காற்று பட்டணத்துக்குத் திரும்புகிற படகின் பாயை நிரப்பும்; ஐப்பசிக்குப் பின்பு வாடைக்காற்று மல்லைக்குப் போகிற படகைத் தள்ளும். காற்று ஒத்துழைக்காத நாட்களே அதிகமாதலால், படகின் வேகமெல்லாம் மனிதர் காலிலேதான் இருந்தது.

படகு ஒரு லாக்கைக் கடக்கும் காட்சியைக் குழந்தைகள் தூக்கத்தை விட்டும் பார்ப்பார்கள். ஆற்று முகத்துவாரங்களை அடுத்த இடங்களில், கடலின் ஏற்ற வற்றத்தால் கால்வாய் நீர் வடிந்து போகாதிருக்கக் கல் கட்டிடமும் இரட்டைக் கதவுகளும் அமைத்திருந்தார்கள். படகு உள்ளே நுழைந்ததும் பின் கதவை மூடுவார்கள். முன் கதவிலுள்ள சிறு மதகைத் திறந்துவிட்டால் நீர் இரைச்சலோடு பாயும். பாசி படிந்த சுவர் மெல்ல மெல்ல நீருக்குள் இறங்குவதுபோலத் தோன்ற, படகு ஒரு முழமோ இரு முழமோ உயர்ந்து மறுபுறத்து மட்டத்துக்கு வந்துவிடும். அதன் பின்னரே முன் கதவு திறக்கும். சேப்பாக்கத்தில் லாக் நகர் என்ற குடியிருப்பு இன்றும் இருப்பதைக் கொண்டு, பட்டணத்து நடுவிலேயே இந்த வித்தை நடந்ததை அறியலாம்.

படகு தள்ளிய விதத்தையும் சொல்ல வேண்டும். பாய்மரத்தில் கட்டிய நீண்ட கயிற்றின் மறுமுனையை மார்பில் மாட்டிக்கொண்டு ஓர் ஆள் கரையோடு குனிந்து நடப்பான். மற்றோர் ஆள் மூங்கிற் கழியின் ஒரு முனையைச் சேற்றில் ஊன்றி, மறுமுனையைத் தோளில் தாங்கி, படகின் ஓரத்திலே தலைப்பிலிருந்து பின்புறம் வரை உந்திக்கொண்டே நடந்து, மறுபடியும் தலைப்புக்கு வருவான். மணிக்கு இரண்டு மூன்று மைல். அடையாற்றிலிருந்து மல்லை ஏறக்குறைய முப்பது மைல் என்றால், உள்ளே உறங்கியவர்கள் விழிப்பதற்குள் வெளியே இருந்தவர்கள் எத்தனை அடி வைத்தார்கள் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். பௌர்ணமி நிலவையும் தாழம்புதரையும் சவுக்குத் தோப்பையும் புகழ்வோர் பலர் இருக்க, கயிறு இழுத்தவனைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர் பாரதிதாசன். நண்பர்களோடு இக்கால்வாயில் படகேறிச் சென்ற அனுபவத்தை அவர் ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாட்டாக எழுதினார். இயற்கை வருணனையாகத் தொடங்கும் அப்பாட்டு, படகை இழுப்பவர்களின் பாடு கண்ணில் பட்டதும் போக்கு மாறிவிடுகிறது. தமிழில் உல்லாசப் பிரயாணத்தைப் பற்றி எழுந்தவற்றுள் அதற்கு ஈடாக எதையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

காலையில் மல்லைக்கு மேற்கே கால்வாய்க் கரையில் இறங்கி, சாமான்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் நடப்பார்கள். பகற்பொழுது கடற்கரைக் கோயிலிலும் ரதங்களிலும் அர்ச்சுனன் தபசிலும் கழியும். தலசயனப் பெருமாள் சேவையும் கிடைக்கும். அவசரமில்லாதவர்கள் இன்னும் சில நாழிகை தெற்கே படகை விட்டுச் சதுரங்கப்பட்டினத்தில் தங்குவதும் உண்டு. கடல் வாணிகம் கைவிட்ட இந்த ஊர்களுக்குக் கால்வாய் அளித்த இரண்டாவது வாழ்வு இது. அற்பமான வாழ்வுதான், கப்பல் நிறையச் சரக்கு ஏற்றிய துறைக்குப் படகு நிறைய விருந்தாளிகள் ஈடாகமாட்டார்கள். என்றாலும் மூன்று பழைய துறைமுகங்களையும் ஒரே நூலில் கோத்தது அந்த வாய்க்கால்தான்.

அது கெட்டதும் விரைவாகவே. 1899-இல் சென்னைக்கும் பெஜவாடாவுக்கும் ரயில் ஓடத் தொடங்கியதும் வடக்கத்திச் சரக்கு குறைந்தது. லாரிகள் வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டன. 1965, 1966-ஆம் வருஷத்துப் புயல்கள் கரைகளை உடைத்து மண் நிரப்பின. பட்டணத்துச் சாக்கடை வேறு அதில் விழுந்தது. பஞ்ச காலத்தில் ஜனங்கள் வெட்டிய அந்த ஐந்து மைலில் பெரும்பகுதியின் மேலே இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 2008-இல் இதைத் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவித்தார்கள். அறிவிப்புக்குப் பின்னும் சென்னையிலிருந்து மல்லைக்குப் படகு போகவில்லை. முட்டுக்காட்டில் மட்டும் அரைமணி நேரம் படகில் சுற்றி, ஏறின துறையிலேயே இறங்கலாம்.

காரில் வருவோர் மல்லையை அரை நாளில் பார்த்துவிட்டு அன்று மாலையே பட்டணம் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் எட்டு மைல் தெற்கே சென்றால், சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் டச்சுக்காரர் கல்லறைகள், குலச்சின்னங்கள் செதுக்கிய பலகைக் கற்களோடு, தொல்பொருள் துறையின் பாதுகாப்பிலே இருக்கின்றன. கோட்டையின் கிழக்கே கடல். மேற்கே ஊரைத் தாண்டினால் கால்வாய். முன்வாசல், பின்வாசல் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் குடிதண்ணீரை மட்டும் மறக்காமல் எடுத்துப் போவது நலம்.