படகர் பாடும் பாவ வரிசை

நாட்டுப் பாடல் என்றவுடன் தாலாட்டும் தெம்மாங்கும் ஏற்றப்பாட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. மாணவ நண்பர்களே, இன்று நான் எடுத்துக்கொண்டது அவற்றுள் ஒன்றன்று. நீலகிரியில் வாழும் படகர், தம்முள் ஒருவர் இறந்தால் அவர் தலைமாட்டில் நின்று ஓதும் பாட்டு ஒன்று உண்டு. அதைப் பற்றியே பேச விரும்புகிறேன். இறந்தவரின் பெருமையைச் சொல்லி அழும் பாட்டுகள் எந்த நாட்டிலும் உண்டு. நம் ஒப்பாரியும் அவ்வகையினதே. படகரின் இந்தப் பாட்டோ இறந்தவருடைய பாவங்களைச் சொல்கிறது. அவர் செய்தார் என்று ஊரறிந்த பாவங்களை மட்டுமன்று, மனிதன் எவனும் செய்யக்கூடிய பாவங்கள் அனைத்தையும் அவரே செய்ததாக வைத்துச் சொல்கிறது!

படகர் பேசுவது கன்னடத்துக்கு நெருங்கிய ஒரு திராவிட மொழி. அவர்கள் ஊரை 'ஹட்டி' என்பர். உழவும் எருமை வளர்ப்பும் அவர்தம் பழந்தொழில்கள். தோதவரும் கோத்தரும் குறும்பரும் அவர்களுடைய பழைய அண்டை மக்கள். முற்காலத்தில் படகர் வீட்டுச் சாவுக்குக் கொம்பும் குழலும் பறையும் கொண்டு வந்து இசைத்தவர் கோத்தரே. அந்த இசை ஓய்ந்த பின்னர் முதியவர் ஒருவர் முன்வந்து பாவ வரிசையைத் தொடங்குவார். அவர் ஓர் அடியைச் சொல்ல, சூழ்ந்து நிற்போர் அதன் இறுதிச் சொற்களைத் திருப்பிச் சொல்வர்.

இதை ஆங்கிலத்தில் அச்சேற்றிய பெருமை சார்லஸ் கோவர் என்பவரைச் சேரும். அவர் சென்னை எழும்பூரில், படைவீரரின் அனாதைச் சிறுவர்களுக்கான கல்வி நிலையம் ஒன்றன் தலைவராக இருந்தவர். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் பற்றிய அவர் நூல் 1871இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவர் பாட்டை ஆங்கிலச் செய்யுளாக மாற்றியே தந்திருக்கிறார். ஆகவே அதில் காணும் சொல்லழகு அவருடையது; பொருளே படகருடையது. பின்னர் 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதி நூலிலும் இது இடம் பெற்றது.

அப்படி என்னென்ன பாவங்கள்? ஊர்ந்து செல்லும் பாம்பைக் கொல்லுதல் பாவம் என்கிறது பாட்டு. பல்லியையும், ஒருவருக்கும் தீங்கு செய்யாத தவளையையும் கொல்லுதல் பாவம். எல்லைக் கல்லை நகர்த்துதலும், உடன்பிறந்தார்மேல் கோள் சொல்லுதலும், மலையில் வழி தவறிய அயலானுக்கு உதவுவதுபோல் காட்டித் தவறான வழியில் அனுப்புதலும் பாவங்கள். ஏரிக்கரையை வெட்டி நீரை வீணாக்குதலும் பாவமே. ஓடையில் நீர் பருகுமுன் அதை வணங்காமல் குனிந்தவனும் குற்றவாளி! ஆடை முள்ளில் சிக்கியதற்காக முள்ளின்மேல் சினந்து தன் ஆடையையே கிழித்துக்கொண்டவனையும் பாட்டு விட்டுவைக்கவில்லை.

பசித்தவனுக்கு உணவு மறுத்தல் பாவம் என்பதை எந்த நாட்டு அறநூலும் சொல்லும். குளிரில் வந்தவனுக்கு நெருப்பு மறுத்தல் பாவம் என்று இப்பாட்டு சேர்த்துச் சொல்கிறது. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவில் புல்மேல் உறைபனி படியும் அம்மலையில், அடுப்பிலிருந்து ஒரு கொள்ளி தர மறுப்பது ஓர் உயிரை மறுப்பதற்கு ஒப்பாகும். சமவெளியில் பிறந்த புலவனுக்கு இந்த அடி தோன்றியிராது.

இவை அனைத்தினும் என் உள்ளத்தைத் தொட்டது இளங்காளையைப் பற்றிய அடி. கழுத்து முற்றாத காளையைக் கயிற்றால் பிணித்து ஏரில் பூட்டுதல் பாவம் என்கிறது அது. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் கருத்து உடனே விளங்கும். மழை பெய்து மண் பதமாக இருக்கிறது. வளர்ந்த எருது நோயில் விழுந்துவிட்டது. விதைப்பு நாலு நாள் தவறினால் ஆண்டு முழுவதும் பட்டினி. தொழுவத்தில் நிற்பதோ இளங்காளை ஒன்றே. அந்த உழவன் என்ன செய்வான்? கொடியவன் மட்டும் செய்யும் பிழையன்று இது. நல்லவனும் இல்லாமையால் செய்யும் பிழை. அவன் நிலையைப் பாட்டு அறியாததன்று. அறிந்தும் அதைப் பாவக் கணக்கிலேதான் எழுதுகிறது.

வரலாறு பயிலும் மாணவர் கவனிக்க வேண்டிய அடி ஒன்றும் உண்டு. வழக்கைச் சர்க்காரிடம் கொண்டு போனதும் பாவங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் நீலகிரி கும்பினியார் ஆட்சிக்குள் வந்தது. 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் சல்லிவன் மலைமேல் ஏறினார். சர்க்கார் மைசூராருடையதாயினும் கும்பினியாருடையதாயினும், அது மலைக்கு வெளியே இருந்து வந்த வலிமை. அதை அழைத்து வந்து அண்டை வீட்டானை அடக்குதல் தவளையைக் கொல்வதோடு ஒரே வரிசையில் நிற்கிறது. வலியவன் கை எளியதன்மேல் விழும் இடங்களையெல்லாம் தேடித் தேடித் தொடுத்த மாலை இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முன்னர், நீலகிரிப் பள்ளி ஒன்றில் நான் இப்பாட்டைப் பற்றிச் சொன்னபோது சமவெளியிலிருந்து வந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, செய்யாத பாவத்தை இறந்தவர்மேல் ஏற்றுவது முறையா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் விடை சொல்லுமுன் பின்வரிசையிலிருந்த படக மாணவன், "அவர் ஒருவர் பெயரில் எங்கள் எல்லார் பாவத்தையும் சொல்கிறார்கள்" என்றான். அதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

மனிதன் செய்யக்கூடிய பாவங்களின் தொகை 1,300 என்பது அவர்கள் மரபு. அத்தனையும் இறந்தவர் செய்தார் என்றே ஒப்புக்கொண்டு, அவை இறைவன் அடி சேரட்டும், அவற்றை யாரும் தடுக்க வேண்டா என்று முதியவர் வேண்டுவார். கூட்டம் முழுவதும் அவ்வாறே முழங்கும். அப்போது எருமைக் கன்று ஒன்றைக் கொண்டு வருவர். அதன்மேல் கை வைத்ததும் பாவங்கள் அனைத்தும் அதனைச் சேர்ந்துவிட்டன என்று கொள்வர்.

ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் பாவத்தைப் பிறவற்றின்மேல் ஏற்றும் பல நாட்டுச் சடங்குகளைத் தொகுத்தபோது இக்கன்றையும் அவற்றோடு சேர்த்தார். அவர் நாட்டம் கன்றின்மேல் நின்றது. பாட்டையும் கன்றையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். மனிதன் பாவத்தை வாயற்ற உயிரின்மேல் ஏற்றுவது இரக்கம் ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அக்கன்றை எவரும் கொல்வதில்லை. அதை அவிழ்த்து விட்டுவிடுவர். அதன்பின் எந்த வேலைக்கும் அதைப் பயன்படுத்துவதில்லை. இளங்காளையை வருத்திய பாவத்தைச் சுமந்து செல்லும் உயிருக்கு வாழ்நாள் முழுவதும் விடுதலை!

தமிழ் மாணவர்க்கு இங்கே மற்றொரு கன்று நினைவுக்கு வரவேண்டும். 1854இல் இராமலிங்க அடிகளார் எழுதி வெளிவந்த 'மனுமுறை கண்ட வாசகம்' என்னும் உரைநடை நூலில், தேர்க்காலில் பசுக்கன்று மாண்டது கேட்டுக் கலங்கும் சோழன், தான் என்னென்ன பாவம் செய்தேனோ என்று நெடிய வரிசையாகத் தன்னையே கேட்டுக்கொள்கிறான். பசித்தவரும் நிழல் தரும் மரமும் அங்கேயும் இடம் பெறுகின்றனர். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. கற்ற துறவி ஒருவர் தாளில் எழுதியதும், எழுத்தில்லாத மொழியில் மலைமக்கள் வாயால் காத்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அச்சு கண்டன என்பதைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

கோவர் பாட்டை வெளியிட்ட அந்தக் காலத்திலேதான் காப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் நீலகிரியில் பரவி வந்தன. புல்வெளிகளில் அயல்நாட்டு மரங்கள் ஏறின. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஓடையை வணங்கிக் குடித்தவர்கள் காட்டுக்குள் நுழைய அதிகாரியின் இசைவைக் கேட்க வேண்டியதாயிற்று.

கன்றை அவிழ்த்துவிடும் வழக்கம் பெரிதும் அருகிவிட்டது. பாவங்களை ஓதும் வழக்கம் ஹட்டிகளில் நிற்கவில்லை. நகரங்களில் மருத்துவராகவும் பொறியாளராகவும் பணிபுரியும் படக இளைஞர்கள், தந்தைக்கோ தாய்க்கோ இறுதிக்கடன் செய்ய மலையேறி வந்து அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள். முதியவர் ஓர் அடி சொல்ல, அவர்களும் உடன் சொல்கிறார்கள்.