மூணாவது ஓட்டை

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த முதல் குளிர்காலம். (தங்கமணிக்கு மத்திய அரசு உத்தியோகம். அவர் தயவில்தான் வீடு.) காலங்காத்தால பக்கெட்டில் இமர்ஷன் ராடைப் போட்டுவிட்டு நான் பேப்பரில் மூழ்கிவிட்டேன். சின்னவள் தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்திருக்கிறாள். "அப்பா, கடிக்குது!" என்று ஒரே அலறல். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். நல்லவேளை, பிளாஸ்டிக் பக்கெட், காலில் ரப்பர் செருப்பு. அன்றைக்கு ஆபீசில் ஒரு வவுச்சரில்கூட ஒழுங்காகக் கையெழுத்து விழவில்லை.

நான் படித்தது பி.காம். சாயங்காலம் டெஸ்டரை எடுத்து பிளக்கில் வைத்துப் பார்த்தேன். வலது ஓட்டையில் எரிந்தது, இடதில் எரியவில்லை. எல்லாம் சரி, கோளாறு ராடில்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் பையா சிரித்தார். கரண்ட் வருகிறதா என்றுதான் டெஸ்டர் சொல்லும், அது திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று சொல்லாதாம். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், இதுதான் அவருடைய கருவி. (நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்.) வலதுக்கும் இடதுக்கும் நடுவே வைத்தார், பளிச். வலதுக்கும் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்கும் வைத்தார், கும்மிருட்டு. "அர்த்திங் நஹி ஹை, சாப்." கழற்றிப் பார்த்தால் எர்த் முனையில் வயரே இல்லை! ராடில் கசிவு இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கசிவு போக வேண்டிய பாதையே வீட்டில் இல்லை. பாஸ்புக் இருக்கிறது, கணக்கே திறக்கவில்லை என்கிற மாதிரி.

ஓட்டை இருந்தும் வயர் ஏன் இல்லை? இந்தக் காலனி 1950களின் கடைசியிலும் 60களிலும் எழும்பியது. மலை மந்திரில் கும்பாபிஷேகம் நடந்தது 1973-ல். எங்கள் பிளாக் வயரிங் அதற்கும் மூத்தது. அன்றைய குடும்பத்துக்கு நாலு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. பல ஊர்களில் விளக்குக்கும் ஃபேனுக்கும் ஒரு கட்டணம், பவருக்கு வேறு கட்டணம், தனித்தனி மீட்டர். லைட் பிளக், பவர் பிளக் என்று நாம் இன்னமும் சொல்வதில் அந்த வாசனை இருக்கிறது. ரேடியோவுக்கு ரெண்டு ஓட்டை போதும். பிற்பாடு மிக்ஸி, ஃப்ரிட்ஜ் எல்லாம் மூணு பின்னோடு வந்தபோது பழைய வீடுகளில் பலர் முன்பக்க சாக்கெட்டை மட்டும் மாற்றினார்கள், சுவருக்குள் புது வயர் இழுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் யாரோ எப்போதோ அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

இந்த உருண்டை பின் வெள்ளைக்காரன் கொடுத்தது. பி.எஸ். 546 என்ற அவர்கள் தர விதி 1934-ல் வந்தது. எர்த் பின் தடிமனாக இருப்பது வேறு ஓட்டையில் நுழையாமல் இருக்க. நீளமாக இருப்பது, கரண்டுக்கு முன்னால் எர்த் தொட்டுக்கொள்ள. அந்தக் காலத்து ஆள் எவ்வளவு யோசித்திருக்கிறான் பாருங்கள்! போருக்குப் பிறகு செம்புத் தட்டுப்பாடு. அதனால் வயரைச் சிக்கனப்படுத்தும் புது முறைக்கு மாறி, 1947-ல் பி.எஸ். 1363 என்று சதுர பின்னைக் கொண்டுவந்தார்கள், ஃப்யூஸ் பிளக்குக்குள்ளேயே. சிங்கப்பூர், மலேசியாவும் அந்தப் பக்கம் போயின. அங்கிருந்து வரும் சொந்தக்காரர்கள் நம் வீட்டில் அடாப்டர் தேடுவது அதனால்தான். நாம் ஐ.எஸ். 1293 என்று பெயர் வைத்து உருண்டையிலேயே நின்றோம். 5 ஆம்பியர் 6 ஆனது, 15 ஆம்பியர் 16 ஆனது, அவ்வளவுதான். (லண்டன் நாடக மேடை விளக்குகளில் இன்னும் 15 ஆம்பியர் உருண்டை பின் உண்டு.)

முறைப்படி எழுதிக் கொடுத்து, பச்சை எர்த் வயர் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று. ராடு குப்பைக்குப் போனது. பையா மறுபடி பல்பை எடுத்து வலதுக்கும் பெரிய ஓட்டைக்கும் வைத்தார். கண் சிமிட்டும் நேரம் மின்னியது. உடனே டப்பென்று வீடு முழுக்க இருட்டு.

"அப்பா, கரண்ட் போச்சு!" என்றாள் சின்னவள்.

"அப் டீக் ஹை," என்றார் பையா, இருட்டிலேயே.