தோல்துண்டும் தொங்கூஞ்சலும்: தொழில்வழிச் சிகிச்சை ஆய்வில் அளவுகோல்களின் வரலாறு

தமிழ் இலக்கணத்தில் ‘தொழில்’ என்பது பிழைப்பு மட்டுமல்ல, செயலும்தான். உண்ணல், நடத்தல், வருதல் ஆகியவற்றைத் தொழிற்பெயர் என்கிறோம். சைவ மரபு இறைவனுக்கு ஐந்தொழில் சொல்கிறது. இந்தப் பழைய பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்ற பெயர் சரியாகப் புரியும். செயல்முறை மருத்துவம் என்றும் இதைச் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெற்றோர் வாயில் இது வெறும் ‘ஓ.டி.’. வேலைவாய்ப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பல் துலக்குவது, சட்டைப் பொத்தான் போடுவது, உலையில் அரிசி போட்டதை மறக்காமல் இருப்பது, காலையில் எழுந்து குளிப்பது என ஒரு மனிதரின் நாளை நாளாக்கும் செயல்கள் அத்தனையும் இங்கே தொழில்கள்.

மனநலம், புலனுணர்வு, அறிதிறன் ஆகிய மூன்று களங்களிலும் இத்துறை நடத்திய ஆய்வுகளைக் கால வரிசையில் படிக்கும்போது ஒன்று திரும்பத் திரும்பத் தென்படுகிறது. சிகிச்சை பலித்ததா என்ற கேள்விக்கு வந்த விடை, எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதைப் பொறுத்தே மாறியிருக்கிறது. அந்த அளவுகோல்களின் வரலாற்றைத்தான் இக்கட்டுரை தொடர்கிறது.

சங்கிலிக்குப் பதில் மண்வெட்டி

1790-இல் இங்கிலாந்தின் யார்க் நகர மனநோயாளர் காப்பகத்தில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்ற பெண் இறந்தார். அவரைப் பார்க்கப் போனவர்களைக் காப்பகத்தார் உள்ளே விட்டிருக்கவில்லை. அந்த இறப்பு குவேக்கர்களை உலுக்கியது. வில்லியம் டியூக் என்ற தேயிலை வணிகர் முன்னின்று 1796-இல் ‘ரிட்ரீட்’ என்ற இல்லத்தைத் திறந்தார். அங்கே நோயாளிகளுக்குத் தோட்ட வேலையும் தையலும் கொடுக்கப்பட்டன. அவருடைய பேரன் சாமுவேல் டியூக் 1813-இல் எழுதிய நூல் அந்த முறையை வெளியுலகுக்குக் கொண்டுசென்றது. அதில் சான்று என்பது விவரிப்புதான்: கட்டிவைக்கப்பட்டிருந்தவர் அவிழ்க்கப்பட்டார், அமைதியானார் என்ற கதைகள். இன்றைய கண்ணுக்கு அது போதாது. ஆனாலும் நோயாளி என்ன செய்கிறார் என்பதைக் கவனித்து எழுதத் தகுந்த செய்தியாக ஆக்கியதே பெரிய திருப்பம் என்பது என் கருத்து.

அடுத்த நூறாண்டில் காப்பகங்களில் கூட்டம் பெருகியது. தோட்டமும் தையலும் பல இடங்களில் நிறுவனத்தின் செலவைக் குறைக்கும் கூலியில்லா உழைப்பாகச் சுருங்கின. செயலை மீண்டும் மருந்தாக்க முயன்றவர்களில் மசாசுசெட்ஸ் மாநில மருத்துவர் ஹெர்பர்ட் ஹால் முக்கியமானவர். நரம்புத் தளர்ச்சி என்று அன்று அழைக்கப்பட்ட சோர்வுக்கு, படுக்கையில் முழு ஓய்வு என்பதே புகழ்பெற்ற சிகிச்சையாக இருந்தது. ஹால் அதைத் தலைகீழாக்கினார். 1904-இல் மார்பிள்ஹெட் ஊரில் நெசவும் மட்பாண்டமும் கற்பிக்கும் பட்டறையைத் தொடங்கி, வேலையின் கடினத்தைப் படிப்படியாகக் கூட்டினார். 1906-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இதை ஆராய அவருக்கு 1000 டாலர் நல்கை அளித்தது. தேறினார், தேறவில்லை என்ற மருத்துவரின் தீர்ப்பே அவரது அளவுகோல். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை.

1917 மார்ச் மாதம் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞரின் இல்லத்தில் ஆறு பேர் கூடி, இத்துறைக்கான முதல் தேசியச் சங்கத்தை அமைத்தார்கள். பார்ட்டன் தாமே காசநோயும் பக்கவாதமும் கண்டவர். தோட்ட வேலையாலும் தச்சாலும் தம்மைத் தேற்றிக்கொண்டவர். அந்த அறுவரில் ஆய்வு நோக்கில் எலினார் கிளார்க் ஸ்லேகிள்தான் மிக முக்கியமானவர் என்று நான் கருதுகிறேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஃபிப்ஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் அடால்ஃப் மேயருடன் பணியாற்றிய அவர், ‘பழக்கப் பயிற்சி’ என்ற முறையை வளர்த்தார். நெடுங்காலம் மனச்சிதைவில் ஒடுங்கிக் கிடந்தவர்களுக்கு எழுதல், கழுவுதல், படுக்கை மடித்தல், நடை, எளிய கைவேலை, விளையாட்டு என்று நாள் முழுவதும் வகுக்கப்பட்டது. மேயர் 1922-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தத்துவ அடித்தளம் தந்தது: வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் என்ற தாளம் குலைவதே மனநோயின் பெரும்பகுதி என்றார் அவர். அளவுகோல் மருத்துவரின் பொதுத் தீர்ப்பிலிருந்து ஒரு நாளின் ஒழுங்குக்கு இடம்பெயர்ந்தது.

இதற்கிடையே இரு உலகப் போர்கள் வந்தன. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்ற எண்கள் மருத்துவர்களின் மதிப்பைப் பெற்றுத் தந்தன. நாளின் ஒழுங்கு பின்னுக்குப் போனது. 1961-இல் மேரி ரைலி என்ற சிகிச்சையாளர் ஆற்றிய உரை, துறையை அதன் மூலக்கருத்துக்கே திருப்பி அழைத்தது.

ஊஞ்சல் சொன்னது என்ன?

ஏறக்குறைய அதே நேரத்தில் கலிஃபோர்னியாவில் ஜீன் அயர்ஸ் என்ற சிகிச்சையாளர் முனைவர் பட்டம் முடித்து, மூளை ஆய்வுக்குள் நுழைந்தார். பார்வையும் செவியும் நன்றாக இருந்தும் எழுத்துக் கூட்டத் திணறும், நாற்காலியிலிருந்து சரியும், தொட்டாலே உதறும் குழந்தைகள் அவரை உறுத்தினார்கள். கண், காது ஆகியவற்றைக் காட்டிலும் மூன்று அடிப்படைப் புலன்களை அவர் முன்னிறுத்தினார்: தொடுகை, உட்காதின் சமநிலை உணர்வு, தசையும் மூட்டும் தரும் உடல்நிலை உணர்வு. இவை மூளையில் ஒன்றோடொன்று இசையாவிட்டால் அதற்கு மேல் எழும் படிப்பும் ஆடும் என்பது அவருடைய ‘புலன் ஒருங்கிணைப்பு’க் கோட்பாடு. 1972-இல் அது நூலாக வந்தது.

இன்று சென்னையிலோ மதுரையிலோ ஒரு ஓ.டி. அறைக்குள் போனால் கண்ணில் படும் தொங்கூஞ்சல் அந்தக் கோட்பாட்டின் வழித்தோன்றல்தான். கூரைக் கொக்கியில் தொங்கும் பலகையில் குழந்தை குப்புறப் படுத்திருக்கும். தரையில் சிதறிய அவரைக்கொட்டைப் பைகளை, ஆடிக்கொண்டே எட்டிப் பிடித்து வாளியில் போடும். பார்ப்பவருக்கு விளையாட்டு. ஆனால் தலை நிமிர்வது, தோள் தாங்குவது, கண் குறிபார்ப்பது, கை நேரத்துக்கு நீள்வது எல்லாம் ஒரே கணத்தில் நடக்கின்றன. குழந்தை தானே விரும்பிச் செய்வதும், சவால் அதன் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருப்பதும் அயர்ஸ் வற்புறுத்திய நிபந்தனைகள்.

சான்றின் கதை இவ்வளவு நேராகச் செல்லவில்லை. தொடக்க ஆய்வுகள் பள்ளித் தேர்வு மதிப்பெண்களில் முன்னேற்றம் காட்டின. 1999-இல் வர்காஸும் கமில்லியும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, பழைய ஆய்வுகளில் தெரிந்த பலன் புதிய ஆய்வுகளில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. 2012-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், புலன் செயலாக்கக் குறைபாடு என்பதைத் தனி நோயாக அறுதியிட வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. மறு ஆண்டே அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒலிக்கும் தொடுகைக்கும் மிகுதியாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆக, அந்தக் குழந்தைகளின் துன்பம் ஏற்கப்பட்டது; தீர்வு கேள்விக்குறியாகவே நின்றது.

2014-இல் ஷாஃப் குழுவினர் ஆட்டிசமுள்ள 32 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் அளவுகோல் மாறியது. ஒவ்வொரு குடும்பமும் தான் வேண்டிய இலக்கைச் சொன்னது. அந்த இலக்குகளில் சிகிச்சைக் குழு முன்னேறியது. 2022-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு 138 குழந்தைகளுடன் நடந்த பெரிய சோதனை; அதன் முதன்மை அளவு எரிச்சலும் கிளர்ச்சியும். அதில் வழக்கமான பராமரிப்பைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆனால் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் பராமரிப்பாளர்கள், தாங்கள் குறித்த இலக்குகளில் முன்னேற்றம் கண்டதாகப் பதிவு செய்தார்கள். இதைச் சிகிச்சைக்குச் சாதகமாக மட்டும் படிப்பது நேர்மையாகாது. சிகிச்சை நடப்பதை அறிந்த பெற்றோர் தரும் மதிப்பீட்டில் நம்பிக்கையும் கலந்திருக்கும். ஆனால் குடும்பம் ஏங்குவது முடிவெட்டும் கடையில் பிள்ளை அலறாமல் உட்கார வேண்டும் என்பதற்கு. அதை எரிச்சல் பட்டியலின் மொத்தக் கூட்டுத்தொகை கண்டுகொள்ளுமா என்ற கேள்வியும் அதே அளவு நேர்மையானது.

மூன்று தையல்

அறிதிறன் களத்தில் என்னை மிகவும் கவர்ந்த அளவுகோல் கிளாடியா ஆலன் உருவாக்கியது. 1960-களின் பிற்பகுதியில் ஃபிலடெல்ஃபியாவின் மனநல நிறுவனமொன்றில் நோயாளிகள் கைவேலை செய்யும் விதத்தைக் கவனித்து வந்தவர் அவர். ஒரே வேலையில் வெவ்வேறு நோயாளிகள் செய்யும் தவறுகள் தாறுமாறானவை அல்ல, படிநிலைகளாக அடுக்கத்தக்கவை என்று கண்டார். 1985-இல் வந்த அவர் நூல் அறிதிறனை ஆறு படிகளாக வகுத்தது.

சோதனைக்கருவி ஒரு சிறு தோல்துண்டு. ஓரத்தில் சுற்றிலும் துளைகள். கூடவே மெழுகிட்ட கயிறும் ஊசியும். முதலில் ஓட்டுத் தையல்: உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. அடுத்தது விளிம்பைச் சுற்றி எடுக்கும் தையல். அதில் சிகிச்சையாளர் வேண்டுமென்றே கயிற்றை முறுக்கியும் குறுக்கே மாட்டியும் வைப்பார். நோயாளி பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துகிறாரா என்று பார்ப்பார். மூன்றாவது, கயிற்றைத் தன் வளையத்துக்குள்ளேயே விட்டு இழுக்கும் சிக்கலான தையல். அதை முதலில் செய்து காட்டமாட்டார்கள். முடிந்த தையலைப் பார்த்து நோயாளியே வழி காண வேண்டும். இருபது நிமிடத்துக்குள் தெரிந்துவிடுவது: இவர் பார்த்ததைத் திரும்பச் செய்வாரா, பிழையை உணர்வாரா, புதிய சிக்கலைத் தானே அவிழ்ப்பாரா. வீட்டில் தனியே அடுப்பு பற்றவைக்க விடலாமா என்ற கேள்வியை மருத்துவர்கள் இந்தத் தகவலோடு வைத்துப் பார்க்கிறார்கள்.

‘கைக்கு ஏதாவது வேலை இருந்தால் போதும்’ என்ற பழைய நம்பிக்கையை நேரடியாகச் சோதித்தது லாஸ் ஏஞ்சலிஸில் ஃபுளோரன்ஸ் கிளார்க் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு. தனித்து வாழக்கூடிய முதியோர் 361 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தொழில்வழிச் சிகிச்சை, ஒரு பிரிவுக்குப் பொழுதுபோக்குக் கூடல், மூன்றாவதற்கு எதுவும் இல்லை. ஒன்பது மாத முடிவில் முதல் பிரிவினரின் உடல்நலமும் மனநலமும் மேம்பட்டிருந்தன. பொழுதுபோக்குக் கூடல், ஒன்றுமே தராததைவிட மேலாக இல்லை. சும்மா கூடியிருப்பதும், தன் நாளைத் தானே அலசித் திருத்தியமைப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்றுவரை இல்லை.

2006-இல் நெதர்லாந்தில் கிராஃப் குழுவினர் நினைவிழப்பு நோயுள்ள 135 பேரையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் ஆராய்ந்தார்கள். ஐந்து வாரங்களில் பத்து அமர்வு; அன்றாடச் செயல்திறன் கூடியது, பராமரிப்பவரின் திணறல் குறைந்தது. அதே முறையை 2011-இல் ஜெர்மனியில் ஒரே ஒரு ஆலோசனைச் சந்திப்போடு ஒப்பிட்டபோது வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனில் 468 இணைகளைக் கொண்டு 2021-இல் வெளியான ஆய்விலும் பலன் காணவில்லை. வழக்கமான பராமரிப்பு நாட்டுக்கு நாடு வேறு. அதற்கு மேல் கூடுதலாக என்ன தரமுடியும் என்பதும் வேறு. ஒரு வீட்டின் அடுக்களைக்குள் நடக்கும் சிகிச்சையை எல்லை தாண்டி அப்படியே பெயர்த்து நடுவது மாத்திரையைப் பெயர்ப்பதுபோல் எளிதல்ல.

அந்தப் பெயர்ப்புச் சிக்கல் நமக்கும் உண்டு. அமெரிக்காவில் பிறந்த கமலா நிம்ப்கர் 1950-இல் பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் தொழில்வழிச் சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பாடத்திட்டத்தோடு சோதனைக்கருவிகளும் வெளியிலிருந்தே வந்தன. தோலில் கயிறு கோப்பது அமெரிக்கப் பள்ளிகளிலும் முகாம்களிலும் பலர் கைபட்ட வேலை. நம் பாட்டிமார் பலர் அதைத் தொட்டதே இல்லை. அவர்கள் திணறினால், திணறியது அறிதிறனா பழக்கமின்மையா?

நம்மிடம் பூக்கட்டு இருக்கிறது. நனைத்த வாழைநாரின் ஒரு நுனி கால்பெருவிரலில். மல்லிகை இரண்டு இப்பக்கம், இரண்டு அப்பக்கம், காம்பும் காம்பும் எதிரெதிராக. நார் ஒரு சுற்றுச் சுற்றி வளையமாகி, விரல் உள்ளே போய், இழுத்ததும் முடிச்சு. கண் பார்க்காமலே ஓடும் விரல்கள் எந்த இடத்தில் நிற்கின்றன, இரண்டுக்கு மூன்று பூ வைத்ததைக் கவனிக்கிறாரா, தளர்ந்த முடிச்சை அவிழ்க்கிறாரா என்று ஆலனின் அதே மூன்று கேள்விகளையும் இதில் கேட்கலாம். நாள்தோறும் கட்டியவருக்கும் எப்போதாவது கட்டியவருக்கும், எழுபது வயதுக்கும் எண்பது வயதுக்கும் இயல்பான அளவு எது என்று நலமாக உள்ளவர்களிடம் முதலில் அளந்தாக வேண்டும். ஒரு முழம் சரமும் ஒரு கடிகாரமும் அதற்கான முதற்கருவிகள்.