போர் வரியும் மனச்சான்றும்

போர் பாவம் என்பது ஒருவரது சமய நம்பிக்கை. அப்போருக்கு வரி செலுத்து என்பது அரசின் கட்டளை. 1755-இல் பென்சில்வேனியாவின் குடியேற்ற அரசு போர்ச்செலவுக்கு வரி விதித்தபோது, அமைதிநெறி பேணும் கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்களுள் ஜான் உல்மன் முதலியோர், செலுத்துவதைவிடத் துன்புறுவதே மேல் எனத் தம் சமயத்தாருக்கு மடல் விடுத்தனர்.

இன்றைய சட்டநிலையை அறிய நாம் படிக்க வேண்டியதோ போரைப் பற்றியே அல்லாத ஒரு வழக்கு: 1982-இன் 'அமெரிக்க அரசு எதிர் லீ'. ஆமிஷ் பிரிவைச் சேர்ந்த தச்சரான லீ, முதியோரையும் வறியோரையும் தாங்குவது தம் சமூகத்தின் சமயக் கடமை என்று கூறி, தம் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு வரியைச் செலுத்த மறுத்தார். அவ்வரி அவரது நம்பிக்கையில் தலையிடுகிறது என்பதை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் விலக்களிக்கவில்லை. அளித்தால், வரவுசெலவில் போருக்குரிய பங்கைத் தர மறுப்பவருக்கும் அதே உரிமை எழும். வரி அமைப்பே இயங்காது என்றது. வழக்கில் தரப்பினராகவே இல்லாதவர்களின் கதவு இவ்வாறு அடைபட்டது! 1993-இன் சமயச் சுதந்திர மீட்புச் சட்டத்தைக் கொண்டு குவேக்கர் பெண் ஒருவர் தொடுத்த வழக்கும் 1999-இல் மேல்முறையீட்டில் தோற்றது.

இத்தர்க்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆயுதமேந்த மறுத்தோருக்கு மாற்றுப்பணி அளித்ததால் ராணுவம் குலைந்துவிடவில்லை. வரியிலும் அவ்வழி உண்டு: மறுப்போர் முழு வரியையும் செலுத்துவர், அது ராணுவம் சாராச் செலவுகளுக்கு மட்டும் செல்லும். 1972-இல் ரான் டெல்லம்ஸ் கொணர்ந்த மசோதா கேட்டது இதைத்தான். பலமுறை முன்வைக்கப்பட்டும் அது சட்டமாகவில்லை.