நாற்றக் குளம் தோட்டமான கதை

பாரிசில் குடியேறிய நம்மவர்கள், ஊரிலிருந்து உறவினர் எவரேனும் வந்தால் வேர்சாய் அரண்மனைக்குத் தவறாமல் அழைத்துச் செல்வார்கள். கண்ணாடி மண்டபத்தையும் நீரூற்றுகளையும் கண்டு வியந்து திரும்புவோரே அதிகம். அரண்மனைக்குச் சற்றுத் தள்ளி, 9 ஹெக்டேயர் பரப்பில் ‘மன்னரின் காய்கறித் தோட்டம்’ என்றொரு நிலம் இருப்பதை அவர்களுள் பலர் அறியார். என்னைக் கேட்டால், அரண்மனையின் வரலாற்றைக் காட்டிலும் அந்த நிலத்தின் வரலாறே சுவையானது என்பேன்.

1678ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னர் இத்தோட்டத்தை அமைக்கும் பொறுப்பை லா கென்தினி என்பவரிடம் ஒப்படைத்தார். இவர் சட்டம் பயின்றவர். இத்தாலியத் தோட்டங்களைக் கண்டபின் மரஞ்செடிகளின்பால் நாட்டங் கொண்டவர். ஆனால், கிடைத்த இடமோ ஒரு சதுப்பு நிலம். அதற்கு மக்கள் இட்டிருந்த பெயர் ‘நாற்றக் குளம்’. மண்வளத்தைப் பார்த்து அவ்விடம் தெரிவு செய்யப்படவில்லை. அரண்மனைக்கு அண்மையில் இருந்ததே அதன் தகுதி. அரசர்கள் இடத்தைத் தெரிவு செய்வதும், அறிந்தவன் அதனோடு மல்லுக்கட்டுவதும் எல்லா நாடுகளிலும் நடப்பதுதானே!

பள்ளத்தை நிரப்ப மண் வேண்டும். பக்கத்திலேயே சுவிஸ் காவற்படையினர் ஒரு பேரேரியைத் தோண்டிக்கொண்டிருந்தனர். அங்கு வெட்டிய மண் இங்கு கொட்டப்பட்டது. அதன்மேல் சத்தோரிக் குன்றிலிருந்து நல்ல மண் கொணர்ந்து பரப்பினர். சுற்றுமதில்களையும் மேடைகளையும் கட்டுவித்தவர் கட்டடக் கலைஞர் மான்சார். 1683இல் வேலை முடிந்தது.

அக்காலத்தில் வேர்சாய் வேலைத்தளங்களில் மாண்ட தொழிலாளரின் சடலங்கள் இரவோடிரவாக வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டதாக, சீமாட்டி செவிஞே 1678ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். அது அரண்மனைக் கட்டடப் பணிகளைப் பற்றிய செய்தி. எனினும் அதே ஆண்டில், அதே ஊரில், சதுப்பு நிலத்தில் நின்று மண் சுமந்தவர்களின் நிலை எப்படியிருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. மலையகத்தில் காடழித்துத் தோட்டம் போட்டவர்களின் வரலாறு தெரிந்த நமக்கு, இதனைப் படிக்கும்போது மனம் கனக்கவே செய்கிறது.

இத்தனை பாடுபட்டுச் சமப்படுத்திய தரையில் பயிர் செழித்ததா என்றால், இல்லை. பெருமழை பெய்தால் மண் கூழானது. வெயில் காய்ந்தால் கல்லானது. நீர் வடிந்தோடச் சாய்வில்லை, வேர்கள் அழுகின. தமக்கு வாய்த்தது எவரும் விரும்பாத மண் என்று லா கென்தினி தமது நூலில் குறைபட்டிருக்கிறார். அவர் கண்ட தீர்வுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சமப்படுத்திய தரையை அவரே மறுபடியும் மேடுபள்ளமாக்கினார்! ஒவ்வொரு பாத்தியின் நடுப்பகுதியையும் பழைய பெட்டகத்தின் மூடி போல உயர்த்தி, நீர் ஓரங்களுக்கு வழியச் செய்தார். வழிந்த நீரை வெளியேற்ற நிலத்தின்கீழ் கல்லால் வடிகால் அமைத்தார். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் எவரும் இதைக் கேட்டால், “மழைக்காலத்திலே மேட்டுப்பாத்திதானே போடவேணும், இதற்கு என்ன படிப்பு?” என்றுதான் சொல்வார். ஆனால் சமதளமும் நேர்கோடுமே அழகென்று நம்பிய ஓர் அரசவையில் அதைச் செய்வதற்குத் துணிவு வேண்டும். மன்னர் அதற்கு இசைந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதன்பிறகு தோட்டம் விளைந்தது. மதில்களின் வெதுவெதுப்பையும் சாணத்தின் சூட்டையும் கண்ணாடி மூடிகளையும் கொண்டு, குளிர்காலத்திலேயே அஸ்பராகஸ் தண்டுகளை மன்னரின் உணவுமேசைக்கு அனுப்பினார் லா கென்தினி. 1687இல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவருடைய நூல் 1690இல்தான் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில் ஜோன் ஈவ்லினின் பெயரில் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

இப்போது அந்நிலத்தில் நிலவடிவமைப்பைக் கற்பிக்கும் தேசியக் கல்விநிலையம் ஒன்று இயங்குகிறது. பழமரங்களும் காய்கறிகளும் இன்றும் அங்கே விளைகின்றன. சுவிஸ் படையினர் தோண்டிய ஏரியும் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது.